களையா, தழைச்சத்தா? இயற்கை முறையிலும் மருந்து முறையிலும் களையைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

சென்னையின் வடக்கில் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் குடியிருந்துகொண்டு, சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி வழியில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ எடுத்து விவசாயத்தில் இறங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். இயற்கை முறையா, மருந்து முறையா என்ற கேள்வியை வீட்டில் உட்கார்ந்தே தீர்த்துவிடுவார்கள். நட்ட இருபதாம் நாள் வரப்பில் நின்று பார்க்கும்போதுதான், இவ்வளவு களையை என்ன செய்வது என்ற கேள்வி எழும். அந்த நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன.

உலக அளவில் விளைச்சல் கணக்கு எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த தொகுப்பாய்வு, இயற்கை முறையின் விளைச்சல் பயிரையும் நிலைமையையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்றது. 2015-இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, சராசரிக் குறைவு சுமார் 19 சதவீதம் என்றும், இயற்கைப் பண்ணையில் பல பயிர் கலந்தோ பயிர் சுழற்சியோடோ செய்தால் அது 8, 9 சதவீதமாகச் சுருங்குகிறது என்றும் கண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981 முதல் இரண்டு முறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நடத்தும் சோதனையில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. இயற்கை வயல்களில் களை பல மடங்கு அதிகம். ஆனாலும் மக்காச்சோள விளைச்சல் மருந்து வயலுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதே அளவு களை, மண் வளமான இயற்கை வயலில் செய்யும் சேதம் குறைவாக இருந்தது.

பென்சில்வேனியா மக்காச்சோளத்தை அப்படியே பொன்னேரி நெல்லுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதில் இருக்கும் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: களை அதிகமாகத் தெரிகிறது என்பதாலேயே விளைச்சலைத் தின்றது களைதான் என்று முடிவு கட்டக்கூடாது. களை கண்ணுக்குத் தெரியும், தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் பற்றாக்குறை அவ்வளவு எளிதில் தெரியாது. அதனால் பழி எப்போதும் களைமேல் விழுகிறது. முதல் வருட இயற்கை விவசாயி களையெடுப்புக் கூலியிலேயே கையைச் சுட்டுக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நிலம் எடுப்பதற்கு முன்

குத்தகைப் பேச்சு முடிவதற்குள் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்று, மண்ணில் கிடக்கும் களை விதை. நிலத்தில் பத்து இடங்களில் மேல்மண்ணை மூன்று அங்குல ஆழம் வரை எடுத்துக் கலந்து, அகலமான தட்டில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மூன்று வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். முளைப்பவை புல்லா, கோரையா, அகன்ற இலையா என்று பிரித்து எண்ணுங்கள். அடுத்த வருடம் உங்கள் முதுகு என்ன பாடுபடப் போகிறது என்பதை அந்தத் தட்டு சொல்லிவிடும். அதே மண்ணில் இன்னொரு தொட்டி வைத்து வெள்ளரியோ தக்காளியோ நாலு விதை போட்டுப் பாருங்கள். இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் முன்பு அடித்த களைக்கொல்லி மிச்சம் இருக்கலாம்.

இரண்டு, கோரைக்கிழங்கு. ஐந்து இடத்தில் ஓர் அடி ஆழம் தோண்டி மண்ணை உதிர்த்துப் பாருங்கள். கிழங்குகள் பெரும்பாலும் மேல் அரை அடிக்குள்ளேயே சங்கிலி போலக் கோத்திருக்கும். ஒவ்வொரு குழியிலும் கிழங்கு வந்தால், அந்த நிலத்தில் முதல் வருடம் இயற்கை முறைக் காய்கறி வேண்டாம். தண்ணீர் கட்டி நெல் வையுங்கள். நீர் நிற்கும் வயலில் இந்தக் கோரை ஒடுங்கும்.

மூன்று, தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. போர் தண்ணீரின் உப்பு அளவை, அதாவது மின்கடத்தும் திறனைச் சோதித்துவிடுங்கள். மீட்டருக்கு 0.7 டெசி சைமனுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் காய்கறி நினைப்பை விட்டுவிடலாம். இடையில் இருந்தால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீன்ஸ் முதலில் படுக்கும். உப்பு தாங்காமல் பயிர் சோர்ந்து இடைவெளி விட்டால் அந்த இடைவெளியைக் களை பிடித்துக்கொள்ளும். அங்கே மூலகாரணம் உப்புதான். எத்தனை முறை களை பிடுங்கினாலும் விளைச்சல் ஏறாது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மண், தண்ணீர்ச் சோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் அங்கே கேட்கலாம்.

நான்கு, குத்தகைக் காலம். இயற்கை முறையில் களைக்காக நீங்கள் படும் பாடு இரண்டாம், மூன்றாம் வருடம்தான் பலன் தரும். பதினோரு மாதக் குத்தகையில் அதைச் செய்தால் லாபம் அடுத்துவரும் குத்தகைக்காரருக்கு. மூன்று வருடத்துக்குக் குறைவாக எழுதித் தந்தால், இயற்கை முறையை வரப்போரப் பாத்திகளோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அங்ககச் (ஆர்கானிக்) சான்றிதழ் எண்ணமும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஒருபோகப் பயிர்களுக்கு, மருந்து முறையிலிருந்து மாறும் காலம் 2 வருடம், நடுவில் ஒரே ஒரு முறை களைக்கொல்லி தெளித்தாலும் அதுவரை ஓடிய காலம் வீண்.

பக்கத்து மனையையும் பாருங்கள். பிளாட் போட்டு விற்றுக் காலியாகக் கிடக்கும் இடங்களில் பார்த்தீனியம் மார்பளவு வளர்ந்திருக்கும். ஒரு செடியே பல ஆயிரம் விதை உதிர்க்கும். எல்லையில் மூன்றடி அகலத்துக்கு, பூக்கும் முன்பே வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் கையால் தொட வேண்டாம்; தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும்.

எந்தக் களை என்று தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்

களையை மூன்று கூட்டமாகப் பிரித்தால் போதும். தண்டு உருண்டையாக, உள்ளே குழலாக இருந்தால் புல். விரல்களுக்கு நடுவில் உருட்டும்போது மூன்று பட்டையாக, கெட்டியாக இருந்தால் கோரை. மீதி அகன்ற இலை. இங்கே நெல் வயலில் அதிகம் வருபவை குதிரைவாலி, வட்டக்கோரை, ஊசிக்கோரை, ஆராக்கீரை, கரிசலாங்கண்ணி, நீர்மேல் நெருப்பு. மேட்டு நிலத்தில் அருகு, கோரைக்கிழங்கு, சாரணை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, குப்பைமேனி.

புதியவர்கள் ஏமாறுவது குதிரைவாலியிடம்தான். இளசாக இருக்கும்போது நெல் நாற்றும் அதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய சவ்வு நாக்கு ஒன்றும், பக்கத்தில் மயிர் முளைத்த சிறு காதுமடலும் இருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இருக்காது, வழவழவென்று இருக்கும். இந்தச் சோதனையை நாற்றங்காலில் செய்ய வேண்டும். அங்கே விட்டுவிட்டால் நடவு ஆட்கள் நெல்லோடு சேர்த்து அதையும் வரிசையாக நட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

எந்த நாளில் களை விளைச்சலைத் தின்கிறது

பயிரின் ஆயுளில் முதல் மூன்றில் ஒரு பங்குதான் ஆபத்தான காலம். 105 நாள் நெல்லுக்கு நட்டதிலிருந்து சுமார் 35 முதல் 40 நாள். வெண்டைக்கு விதைத்த 15-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை. மிளகாய், தக்காளிக்கு நட்ட முதல் 45 நாள். வெங்காயம் மட்டும் விதிவிலக்கு: குச்சி இலை நிழல் தராது, இரண்டு மாதத்துக்கு மேலும் காவல் தேவை. இந்தக் காலத்துக்குப் பிறகு முளைக்கும் களை விளைச்சலை அதிகம் பாதிக்காது, ஆனால் விதை உதிர்க்கும். ஆகவே முதல் 40 நாளில் எடுப்பது இந்தப் போகத்துக்காக, அதற்கப்புறம் எடுப்பது அடுத்தடுத்த போகங்களுக்காக. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் கூலிப் பணம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகும்.

மருந்து முறையில் நெல்: சுருக்கமாக

நடவு நெல்லுக்கு வழக்கமான முறை, நட்ட 3 அல்லது 4-ஆம் நாள் பூட்டாகுளோர் 50 ஈ.சி. என்ற களைக்கொல்லி ஏக்கருக்கு 1 லிட்டர். அதை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, வயலில் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கும்போது சீராகத் தூவ வேண்டும். அடுத்த இரண்டு நாள் மடை திறக்கக்கூடாது. இது முளைவிடும் விதையைக் கொல்லும். முளைத்து நிற்கும் களையை ஒன்றும் செய்யாது. நட்டு ஒரு வாரம் கழித்துத் தூவிவிட்டு ‘மருந்து போலி’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். பெரும்பாலும் தவறு நாளில் இருக்கும். மேடு பள்ளமான வயலில் மேட்டில் தண்ணீர் ஏறாது, அங்கே மட்டும் திட்டுத் திட்டாகக் குதிரைவாலி எழும்பும். பரம்பு அடித்து வயலைச் சமன் செய்ததில் இருக்கும் குறையை மருந்தால் ஈடுகட்ட முடியாது.

தப்பிய களைக்கு, அது 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருக்கும்போது பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி. ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி.; சுமார் 120 லிட்டர் தண்ணீரில். முதலில் வயல் நீரை வடித்துவிட்டுக் களையின் இலை முழுதும் தெரியும்படி தெளித்து, இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். பட்டையாக விசிறும் நாசில் போடுங்கள். பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நாசில் புகையாகப் பறக்கவிடும். புட்டியில் ஒட்டியிருக்கும் அளவும் பயிரும்தான் கடைசி வார்த்தை. களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள். 2,4-டி அடித்த டேங்கை அலசிவிட்டுக் கத்தரிக்கு அடித்தால் கத்தரி இலை சுருண்டுவிடும். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் எதையும் கலக்க வேண்டாம்.

வருடா வருடம் ஒரே மருந்து என்பதும் சரிவராது. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லியையே திரும்பத் திரும்ப அடித்ததில், 1990-களின் தொடக்கத்தில் ஃபாலாரிஸ் என்ற புல் அதற்கு அசையாமல் நின்றது. இரண்டு போகத்துக்கு ஒருமுறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள், நடுவில் ஒரு கைக்களையும் வேண்டும்.

இயற்கை முறையில் நெல்: எந்தப் போகத்தில் தொடங்குவது

இங்கே சொர்ணவாரி (ஏப்ரல், மே தொடக்கம்), சம்பா (ஆகஸ்ட்), நவரை (டிசம்பர், ஜனவரி) என்று மூன்று போகம். புதியவர் சம்பாவில் தொடங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பெருகும் இந்தச் சமவெளியில், களையெடுக்க வேண்டிய நாளில் வயலில் இடுப்பளவு நீர் நிற்கலாம். வெள்ளம் வடியும்போது மேட்டு ஊர்களின் களை விதையையும் கொண்டுவந்து படியவிட்டுப் போகும். காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பு அதைவிடக் கடினம். நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும். அடக்க நிற்கும் தண்ணீரும் இருக்காது. அனுபவசாலிகளுக்கே அது திணறல்.

நவரைக்குத் தண்ணீர் உறுதி என்றால் முதல் வருடத்துக்கு நல்ல திட்டம் இது. சம்பா வைக்காதீர்கள். அக்டோபர் நடுவில், பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். மழைநீர் ஓரளவு நின்றாலும் தாங்கும், அடர்ந்து வளர்ந்து கீழே களையை வெளிச்சமில்லாமல் அடக்கும். 45 நாளில், பூ எடுக்கும் சமயத்தில், டிசம்பர் தொடக்கத்தில் மடக்கி உழுங்கள். தாமதித்தால் தண்டு நாராகி, மட்க நாளாகும்.

பிறகு சேற்றுழவை இரண்டு தவணையாகச் செய்யுங்கள். முதல் உழவு முடிந்ததும் தண்ணீரை வடித்து, சேறு ஈரமாக மட்டும் இருக்கும்படி 8 முதல் 10 நாள் விடுங்கள். களை பச்சையாகக் கிளம்பும். பயப்படாதீர்கள், வேண்டியதே அதுதான். நடவுக்கு இரண்டு நாள் முன் இரண்டாம் உழவில் அத்தனையும் சேற்றுக்குள் போகும். இந்தப் பத்து நாளைப் பொறுக்காமல் ஒரே மூச்சில் உழுது நட்டால், அந்தக் களை முழுவதும் நடவுக்குப் பிறகு வரும். உழவு முடிந்ததும் பரம்பு அடித்து, வயலின் எந்த மூலையிலும் இரண்டு விரலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் சமன் செய்யுங்கள். வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டிவிடுங்கள். வரப்பு அருகம்புல் ஓடி வயலுக்குள் இறங்கும்.

நாற்றுக்குத் திருந்திய நெல் சாகுபடி முறை பொருந்தும். விதை ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25-க்கு 25 செ.மீ. சதுர நடவு. திரூர் நிலையத்தின் டி.கே.எம். 9 போன்ற குறுகிய கால ரகம் நவரைக்குச் சரி. சதுரமாக நடுவதற்குக் காரணம், கூம்பு உருளைகளோடு வரிசைகளுக்கு நடுவே கையால் தள்ளி ஓட்டும் களைக் கருவியான கோனோவீடர்: அப்போதுதான் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்ட முடியும். அடையாளக் கயிறு இல்லாமல் கண் அளவில் நட்டால் மூன்றாவது வரிசையிலேயே கோணி, கருவி பயிரை மிதிக்கும். நடவு ஆட்கள் முதலில் முணுமுணுப்பார்கள். கயிறு பிடிக்க இரண்டு பேரைத் தனியாக நிறுத்திவிடுங்கள்.

கோனோவீடர் நட்ட 10 முதல் 12-ஆம் நாள் இறங்க வேண்டும், பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று நான்கு தடவை. ஒரு ஆள் ஒரு நாளில் ஏக்கரில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஓட்டலாம். தண்ணீர் ஓர் அங்குலம் நிற்க வேண்டும்: வற்றிப்போனால் சேறு கூம்பில் அப்பிக்கொண்டு உருளாது, அதிகமானால் களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கும். முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ஒரே இழுப்பில் ஓடினால் களை சாய்ந்து எழுந்துவிடும். முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டு 20-ஆம் நாள் இறங்குபவருக்குக் கருவி பயன்படாது, வேர் பிடித்த குதிரைவாலியின் மேல் கூம்பு வழுக்கிக்கொண்டு போகும்.

கருவி போகாத இடம் குத்துக்குள்ளேயே இருக்கும் களை. அதற்கு 20-ஆம் நாளும் 35-ஆம் நாளும் கையால் எடுக்க வேண்டும். கருவியே இல்லாமல் முழுக்கக் கைக்களை என்றால் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 12 முதல் 20 ஆள் வரை ஆகும். களையின் அடர்த்தியைப் பொறுத்தது. பொன்னேரிப் பக்கம் நடவும் களையும் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் வரும், ஆள் கிடைக்காது. நட்ட நாளிலேயே களைக்கு ஆள் சொல்லி வைத்துவிடுங்கள்.

நீரில் மிதக்கும் சிறு பெரணியான அசோலாவை ஏக்கருக்கு 100 கிலோ, நட்ட 3 முதல் 5 நாளில் விடலாம். நீர்ப்பரப்பை மூடி அடியில் முளைக்கும் களையின் வெளிச்சத்தைக் குறைக்கும். கோனோவீடர் ஓட்டும்போது மிதிபட்டுத் தழைச்சத்தாகும். வெயில் ஏறி நீர் சூடானால் கருகிவிடும். அதனால் நவரையின் முதல் பாதிக்கு மட்டும் நம்புங்கள்.

கீரையும் காய்கறியும்

கீரைப் பாத்தியில் இரண்டு முறைக்கும் அதிக வேறுபாடு இல்லை. 25 நாளில் பிடுங்கும் முளைக்கீரைக்குக் களைக்கொல்லி என்ற பேச்சே கூடாது. விதைப்பதற்கு முன் எத்தனை களையை முளைக்கவைத்து அழித்தீர்கள் என்பதே எல்லாம். நான்கடி அகலப் பாத்தி போடுங்கள், இரண்டு பக்கமிருந்தும் கை நடுவை எட்டும். தண்ணீர் பாய்ச்சிப் பத்து நாள் விடுங்கள். முளைத்ததைக் களைக்கொத்தால் ஓர் அங்குல ஆழத்துக்கு மட்டும் சுரண்டுங்கள். மறுபடி நீர், மறுபடி சுரண்டல். அப்புறம் விதை. சுரண்டும்போது ஆழமாகக் கொத்திவிட்டால் கீழே தூங்கும் விதை மேலே வந்துவிடும், செய்த வேலை வீண். முளைக்கீரை, சிறுகீரையை மணலோடு கலந்து வரிசையில் தூவுங்கள். வரிசை இருந்தால் எது கீரை, எது முள்ளுக்கீரை என்று ஆறாம் நாளே தெரியும்.

பருப்புக்கீரையையும் சாரணையையும் பிடுங்கி ஈரப் பாத்தியிலேயே போடாதீர்கள். பருப்புக்கீரை கிடந்த இடத்திலேயே வேர்விடும். காலையில் பிடுங்கிக் காய்ந்த பாதையில் பரப்பினால் மாலைக்குள் வாடிவிடும்.

கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு நட்டுப் பயிர் கொஞ்சம் எழும்பியதும் வைக்கோல் மூடாக்கு 3 முதல் 4 அங்குலம். அதைவிட மெல்லியதாகப் போட்டால் களைக்குத்தான் நிழலும் ஈரமும். சரியாக அடிக்காத வைக்கோலில் நெல்மணி இருக்கும், அதுவே புதுக் களையாக முளைக்கும். கரையான் உள்ள இடத்தில் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மருந்து முறையில் இந்தப் பயிர்களுக்கு, விதைத்த மூன்று நாளுக்குள் அல்லது நடவுக்கு முன் பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. ஏக்கருக்கு 1.3 லிட்டர், ஈரமண்ணில். பிறகு 30-ஆம் நாள் ஒரு கைக்களை.

கோரைக்கிழங்கு உள்ள மேட்டு நிலத்தில் ரோட்டவேட்டர் விடாதீர்கள். கிழங்குச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கி நிலமெங்கும் பரப்பிவிடும். ஏப்ரல், மே வெயிலில் கொத்துக் கலப்பையால் புரட்டிக் கிழங்கை மேலே காயவிடுங்கள், பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை ஈரமண்ணின்மேல் 40 நாள் விரித்து ஓரங்களை மண்ணால் மூடி வெயிலில் வேகவிடும் முறை சாரணைக்கும் சிறு புல்லுக்கும் நன்றாக வேலை செய்யும், கோரையை முழுவதும் ஒழிக்காது. கறுப்பு மூடாக்குத் தாளைக் கோரை குத்திக் கிழித்துக்கொண்டே மேலே வரும்.

இணையத்தில் சுற்றும் ‘கல் உப்பு, வினிகர், சோப்பு’ களைக்கொல்லியைத் தயவுசெய்து நிலத்தில் தெளிக்காதீர்கள். பயிர், களை என்று அதற்குப் பேதம் தெரியாது. மேலிலை கருகும், கிழங்கிலிருந்து இரண்டு வாரத்தில் மறுபடி வரும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். ஏற்கெனவே உப்புத் தண்ணீரோடு போராடும் மீஞ்சூர் வட்டாரத்தில் காசு கொடுத்து உப்புக் கொட்டுவதைவிட மோசமான யோசனை இல்லை.

எருவோடு வரும் களை

மாட்டுக் கொட்டகைகளிலிருந்து பச்சைச் சாணி லோடு எளிதாகக் கிடைக்கிறது. மாடு மேய்ந்த புல்லின் விதை வயிற்றைத் தாண்டி உயிரோடு வருவதால், அதை அப்படியே கொட்டினால் களை விதைப்பதற்குச் சமம். ஆள் இடுப்புயரக் குவியலாக, சாணியும் வைக்கோலும் மாற்றி மாற்றிப் போட்டு, பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு நீர் வரும் ஈரத்தில் வையுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி சில நாள் நிற்க வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். வெளி ஓரம் சூடாகாமல் விட்டால் அங்கேயுள்ள விதை சாகாது. குப்பைக் கிடங்கிலிருந்து வரும் மட்கு உரம் விலை மலிவாக இருக்கும். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கன உலோகமும் சேர்ந்து வரலாம் என்பதால் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

விளைச்சல் குறைந்தால் காரணத்தைப் பிரிப்பது

குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குப் பரிந்துரை சுமார் 50 கிலோ தழைச்சத்து. மருந்து முறைக்காரருக்கு அது 108 கிலோ யூரியா. தூர் கட்டும்போது ஒரு கை, கதிர் உருவாகும்போது ஒரு கை என்று பிரித்துப் போட்டுவிடுவார். இயற்கை முறையில் கணக்கைப் பாருங்கள். 4 டன் தக்கைப்பூண்டுத் தழையில் சுமார் 25 கிலோ. 5 டன் தொழு உரத்தில் மொத்தம் 25 கிலோ இருந்தாலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கில் 5 கிலோ. எல்லாம் சேர்த்தும் 40-ஐத் தொடவில்லை. அதுவும் பயிர் கேட்கும் நாளில் வராது, மட்கும் வேகத்தில் வரும். இந்தப் பள்ளம் களையெடுப்பால் நிரம்பாது.

எந்தப் பக்கம் குறை என்று வயலிலேயே கண்டுபிடிக்கலாம். நட்ட 20, 30, 40-ஆம் நாட்களில் அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தை ஏக்கருக்கு எட்டு இடத்தில் போட்டுக் களையைக் கூட்டம் வாரியாக எண்ணுங்கள். அதே நாளில் இலை வண்ண அட்டையை (வெளுப்பிலிருந்து கரும்பச்சை வரை எண் இட்ட நிறப் பட்டைகள் உள்ளது) பத்துச் செடிகளின் மேலே முழுதாக விரிந்த இலையோடு, உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலான ரகங்களுக்கு நிறம் 4-க்குக் கீழே போனால் தழைச்சத்துக் குறைவு. வெள்ளைப் பொன்னிக்கு 3. களை குறைவு, நிறமும் வெளுப்பு என்றால் கூலி ஆளை நிறுத்திவிட்டு அடுத்த போகத்துக்குப் பசுந்தாள் உரத்தைக் கூட்டுங்கள். நிறம் சரி, களை அதிகம் என்றால் கோனோவீடர் தாமதமாக இறங்கியிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் பயிர் குட்டையாக நின்றால் தண்ணீரின் உப்பையும் மண்ணின் வடிகாலையும் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்குப் பெரிய செலவு இல்லை. வயலில் நான்கு இடத்தில் 3-க்கு 3 மீட்டர் கட்டம் அடித்து, அங்கே மட்டும் அறுவடை வரை ஒரு களைகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடையில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் 2-க்கு 2 மீட்டரையும், அதன் பக்கத்தில் வழக்கம்போல் விட்ட பயிரில் அதே அளவையும் தனித்தனியாக அறுத்து அடித்து எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் நான்கு இடத்துச் சராசரியை 1012-ஆல் பெருக்கினால், களையால் ஏக்கருக்குப் போன நெல் கிலோவில் வரும்.

மொத்த விளைச்சலைப் பக்கத்து மருந்து வயலோடு ஒப்பிட வேண்டுமானால் மூட்டைக் கணக்கை நம்பாதீர்கள், மூட்டை எடை ஊருக்கு ஊர் மாறும். வரப்போர வரிசைகளை விட்டுவிட்டு 5-க்கு 5 மீட்டர் அறுங்கள். கிடைத்த எடையை, 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்கான எடை. அதை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். 20 சதவீத ஈரத்தில் 12 கிலோ என்றால், சரிசெய்த எடை 11.16 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 1,808 கிலோ. இரண்டு வயலிலும் ஒரே ரகம், ஒரே வாரத்து நடவு என்றால் மட்டுமே ஒப்பீடு நிற்கும்.

களையால் போன கிலோவை நெல் விலையால் பெருக்கி, ஒரு களையெடுப்புக் கூலியோடு வைத்துப் பாருங்கள். கூலி அதிகம் என்றால் அடுத்த முறை அந்தக் கடைசிக் களையெடுப்பைத் தைரியமாக விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: பயிருக்கு மேலே தலைநீட்டும் குதிரைவாலிக் கதிர்களைப் பால் பிடிக்கும் முன்பே அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். முற்றிய பிறகு போட்டால் அதே விதை அடுத்த சாணி லோடில் உங்கள் வயலுக்கே திரும்பி வரும்.